ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொந்த வட்டாரத்தின் புவியியலை எங்கிருந்து தொடங்குவது?

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் பிள்ளைகள் ஏழு கண்டங்களின் பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டால், ‘மழை பெஞ்சா வரும்’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். சொந்த வட்டாரத்தை எப்படி அறிமுகப்படுத்துவது? வெளியே கூட்டிப்போகப் பெரிதாகப் பணமும் கிடையாது.”

அந்தக் குளத்திலேயே தொடங்குங்கள், டீச்சர். வரைபடத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

வழக்கமாக நாம் மாவட்டப் படத்தை மாட்டி, எல்லைகள், தாலுகாக்கள், பரப்பளவு என்று ஆரம்பிக்கிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு இவற்றில் எதுவுமே கண்ணால் பார்க்கிற விஷயம் இல்லை. மாவட்ட எல்லையும் நிலையாக இருப்பதில்லை. 1986-இல் தூத்துக்குடி தனியாகப் போனது, 2019 நவம்பரில் தென்காசி போனது. செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஒரே வீட்டில் தாத்தாவும் அப்பாவும் பிள்ளையும் மூன்று வேறு திருநெல்வேலி மாவட்டங்களைப் படித்திருப்பார்கள். தண்ணீர் ஓடும் வழி அப்படி அரசாணையில் மாறாது. அதனால் உங்கள் பிள்ளைகளுக்கு “நம்ம வட்டாரம்” என்பது தாமிரபரணியும் அதில் வந்து சேரும் ஆறுகளும் பாயும் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாவட்டமும் அதற்குள் வந்துவிடும்.

இதில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேருவதற்குள் ஓடுவது சுமார் 128 கிலோமீட்டர்தான். காவிரி மாதிரி இன்னொரு மாநிலத்திலிருந்து வரவேண்டிய ஆறு இல்லை. தொடக்கமும் முடிவும் நம்மிடமே. பொதிகையின் உச்சியான அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரம். அங்கேயிருந்து காடு, அணை, நெல்வயல், வாழைத்தோட்டம், நகரம், பனங்காடு, உப்பளம், கடல் எல்லாம் ஒரே நாளில் பஸ்ஸில் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் வரிசையாக இருக்கின்றன. புவியியல் புத்தகத்தில் தனித்தனிப் பாடமாக வருகிற நிலத்தோற்றங்களை ஒரே ஆற்றைப் பிடித்துக்கொண்டு காட்டிவிடலாம். இந்த வாய்ப்பு எல்லா ஊர் ஆசிரியருக்கும் கிடைப்பதில்லை.

சரி, குளத்துக்கு வருவோம். பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி மூன்றே கேள்விகள் கேளுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் உள்ளே வருகிறது? எந்த மடை வழியாக வயலுக்குப் போகிறது? குளம் நிறைந்தால் எந்தப் பக்கம் மறுகால் பாய்கிறது? முதல் இரண்டுக்கும் சுற்றி நடந்தே பதில் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாவதில்தான் சுவாரஸ்யம். மறுகால் தண்ணீர் பெரும்பாலும் கீழே இருக்கிற இன்னொரு குளத்துக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்த குளத்துக்கு. பக்கத்து ஊர்க் குளமும் நம் ஊர்க் குளமும் ஒரே தொடர் என்பது அங்கே நின்று பார்த்தால்தான் உறைக்கும். மடை திறந்து அடைக்கிற பெரியவர் ஊரில் யாராவது இருப்பார். அவரைக் கரைக்கு வரவழைத்துப் பேசச் சொல்லுங்கள். எந்த மாதம் தண்ணீர் வரும், எத்தனை நாளில் குளம் பெருகும், கடைசியாக எப்போது வராமல் போனது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும்.

அப்புறம் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு மேற்கே கொஞ்ச தூரம் நடங்கள். முழுக்க நடக்க வேண்டாம். அந்தக் கால்வாயின் பெயர் என்ன, அது ஆற்றில் எந்த அணைக்கட்டில் (தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பிவிடும் தடுப்பில்) பிரிகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். தாமிரபரணியில் மேலிருந்து கீழாக எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் இருக்கிற ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தைய அரசர்கள் காலத்தவை. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். அதற்குப் பதில், “உங்க ஆச்சி ஊரு எந்தக் கால்வாய்ப் பாசனம்?” என்று கேட்டு வரச் சொல்லுங்கள். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், பத்தமடைப் பிள்ளைகள் கன்னடியன் கால் என்று வருவார்கள். மேலப்பாளையம், பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் உள்ளவர்கள் பழவூரில் பிரியும் பாளையங்கால்வாய் என்பார்கள். திருநெல்வேலி டவுன் நயினார்குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது சுத்தமல்லியிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய். மருதூருக்கு மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்துக்கு வடகால், தென்கால். ஒவ்வொரு பிள்ளையும் தன் உறவுக்காரர் ஊரைக் கரும்பலகையில் உரிய கால்வாயின் மேல் எழுதட்டும். ஒரு வாரத்தில் உங்கள் பலகையில் ஆற்றுப் பாசனத்தின் படம் தானாகவே வந்துவிடும். அதை எந்தப் பிள்ளையும் மறக்காது, ஏனென்றால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு சித்தியோ மாமாவோ இருக்கிறார்.

பாசனம் இல்லாத ஊரிலிருந்து வந்த பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களிடம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். கோவில்பட்டிக்காரர்கள் குடிப்பது சிற்றாறு வந்து கலக்கிற சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து எடுக்கிற ஆற்றுத் தண்ணீர். வயலுக்கு வராத ஆறு குழாய் வழியாக வீட்டுக்கு வந்திருக்கிறது.

அடுத்தது காலம். இதற்கு ஒரு பைசா செலவில்லாத வழி, தினமும் நாளிதழில் வரும் அணை நீர்மட்டம். பாபநாசம் (143 அடி), மணிமுத்தாறு (118 அடி) இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளிலிருந்து தினம் ஒரு பிள்ளை இரண்டு எண்களையும் பலகையின் ஓரத்தில் எழுதட்டும். வாரம் ஒருமுறை கட்டம் போட்ட தாளில் இரண்டு நிறத்தில் புள்ளி வைத்து இணைக்கட்டும். தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்கிற ஆண்டில், ஜூலையில் பாபநாசத்தின் கோடு கிடுகிடுவென்று ஏறும். மணிமுத்தாறு பெரிதாக அசையாது. அக்டோபர், நவம்பரில்தான் மணிமுத்தாறு எழுந்திருக்கும். ஒரே மலைத்தொடரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு அணைகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று யாராவது கேட்பார்கள். கேட்கிற வரைக்கும் காத்திருங்கள். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அது இன்னும் இரண்டு பெயர்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு கோடுகளைப் பார்த்துக் கேள்வி வந்த பிறகு சொன்னால் அது விடை. பாபநாசத்தின் நீர்ப்பிடிப்புக்கு இரண்டு பருவமும் தண்ணீர் தருகிறது, மணிமுத்தாறு பெரும்பாலும் வடகிழக்கை நம்பியிருக்கிறது. தாமிரபரணி வற்றாத ஆறு என்று பெயரெடுத்ததற்கும், நம் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைந்ததற்கும் காரணம் அந்த இரண்டு கோடுகளுக்குள்ளேயே இருக்கிறது.

இங்கேயே காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் ஒரே நாளை எடுத்து மூன்று ஊர்களில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். குற்றாலத்தில் சாரல். திருநெல்வேலியில் சட்டையைப் பறிக்கிற காற்று, மழை இல்லை. தூத்துக்குடியில் பாத்தியில் உப்பு வாருகிறார்கள். மூன்றுக்கும் காரணம் ஒரே காற்றுதான். அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வருகிற காற்று கேரளப் பக்கத்திலும் மலை முகட்டிலும் பெரும்பாலான மழையைக் கொட்டிவிடுகிறது. செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாய் இருப்பதால் மிச்ச ஈரம் அந்த வழியாக நுழைந்து குற்றாலம், தென்காசிக்குச் சாரலாக வருகிறது. கிழக்கே வர வர வெறும் வறண்ட காற்று. கயத்தாறு பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மலையின் மேல் சில இடங்களில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. தூத்துக்குடியில் 700 மி.மீ.கூட எட்டாது. இரண்டுக்கும் நடுவில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தூத்துக்குடிக்குக் கிடைத்ததற்கு இந்த வறட்சியும் ஒரு காரணம். மழை இல்லாததைக் குறையாக மட்டுமே பார்க்கப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி. அதே சமயம் உப்பளத்து வெயிலில் நிற்பவர்களின் கால்களையும் கண்களையும் அந்த உப்பு என்ன செய்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உயரம் என்ற விஷயம் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடாது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது என்று சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் கண்ணுக்குச் சமதளமாகத்தானே தெரிகிறது! இதற்கு ரயில் நிலையங்கள் உதவும். ஒவ்வொரு நிலையத்தின் மஞ்சள் பலகையிலும் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று சின்னதாக எழுதியிருக்கும். திருச்செந்தூரில் ஏறி ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், செய்துங்கநல்லூர் வழியாகத் திருநெல்வேலி. அங்கேயிருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை. யார் யார் லீவுக்கு எந்தப் பக்கம் போகிறார்களோ அந்தந்த நிலையத்தின் எண்ணைக் குறித்து வரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு சென்டிமீட்டருக்கு இவ்வளவு மீட்டர் என்று அளவு வைத்துச் சுவரில் குச்சிப்படம் போடுங்கள். கடலோரத்தில் விரல் உயரத்தில் தொடங்கும் குச்சிகள் செங்கோட்டைக்குப் போகப் போக வளரும். கால்வாய்த் தண்ணீர் மோட்டார் இல்லாமல் எப்படி இவ்வளவு தூரம் ஓடி வருகிறது என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

இப்போது வரைபடம். முதலில் அச்சுப் படத்தைக் காட்டாதீர்கள். வகுப்புத் தரையில் சாக்பீஸால் பிள்ளைகளே ஊரை வரையட்டும். ஒரே ஒரு விதி: தரையில் வரையும் வடக்கு உண்மையான வடக்கைப் பார்த்து இருக்க வேண்டும். சுவரில் மாட்டிய படத்தையே பார்த்துப் பழகியதால் வடக்கு என்றால் ஆகாயத்துப் பக்கம், தெற்கு என்றால் தரைப் பக்கம் என்று பல பிள்ளைகள் மனதில் பதிந்துபோகிறது. நமக்குத் திசை சொல்ல மேற்கே மலையே நிற்கிறது. மேகமில்லாத காலையில் எந்த மொட்டைமாடியிலிருந்தும் தெரியும். மலைக்கு முகம் கொடுத்து நின்றால் வலக்கைப் பக்கம் வடக்கு. இதைக் கற்றுக்கொண்ட பிள்ளை எங்கே போனாலும் திசை தவறாது.

தரைப்படம் முடிந்த பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு ஊரின் கிராம வரைபடத்தைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதில் குளம், கால்வாய், ஓடை, மந்தை, பாதை எல்லாம் புல எண்ணோடு இருக்கும். படத்தில் கால்வாய் என்று போட்டிருக்கிற இடத்தில் இன்று தெரு இருக்கலாம், குளம் என்று இருக்கிற இடத்தில் கட்டடம் இருக்கலாம். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பதற வேண்டாம், அதுவும் பாடம்தான். யாருடைய வீட்டையும் சுட்டிக்காட்டிப் பேசாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு அடுத்த படி இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள். அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். பள்ளியிலிருந்து குளம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, பிறகு நடந்து சரிபார்க்கலாம். செயற்கைக்கோள் படத்தைக் கடைசியில் செல்போனில் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடுவதோடு முடிந்துவிடும்.

ஊரை வரையச் சொல்லும்போது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நம் பக்கத்தில் தெருக்களைச் சாதிப் பெயரால் சொல்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பிள்ளைகள் அதை அப்படியே படத்தில் எழுதிவிடுவார்கள். பள்ளி, வேம்பு, தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, பால் பண்ணை என்று எல்லோரும் போய் வரும் இடங்களை அடையாளமாக வைக்கச் சொல்லுங்கள். வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீடும் படத்தில் வந்துவிட்டதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஊருக்கு வெளியே இருக்கிறது என்று எந்தத் தெருவும் தாளுக்கு வெளியே போய்விடக் கூடாது. தாள் பத்தாவிட்டால் இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ளலாம்.

ஆற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஆறு தொடாத நிலம் மறைந்துபோகும் அபாயம் உண்டு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துப் பள்ளியாக இருந்தால் நான் குளத்தில் தொடங்கச் சொல்ல மாட்டேன், மண்ணில் தொடங்கச் சொல்வேன். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். ஈரத்தை நீண்ட நாள் பிடித்து வைத்திருக்கும். கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் அந்த ஈரத்தை நம்பி மானாவாரியாக விளைந்தன. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனால் இதற்கு நேர்மாறாகத் தேரி. இரும்புச் சத்தால் சிவந்த மணல் காற்றில் அடித்துக் குவிந்து மேடு மேடாகக் கிடக்கிறது. குதிரைமொழித் தேரியில் நின்றால் தமிழ்நாட்டில்தான் இருக்கிறோமா என்று தோன்றும். தண்ணீர் ஊற்றினால் ஒரு நொடி நிற்காது. ஆனால் அந்த மண்ணில் பனை நிற்கிறது, உடன்குடிக் கருப்பட்டி அங்கேயிருந்துதான் வருகிறது.

இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஆற்றங்கரை வண்டல், கரிசல், தேரி மணல் மூன்றிலும் ஒவ்வொரு கை கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று பிளாஸ்டிக் பாட்டில்களின் அடியை வெட்டி, வாயில் துணி கட்டித் தலைகீழாக நிறுத்தி, சம அளவு மண்ணைப் போட்டு ஒரே நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். தேரி மணலில் ஊற்றிய தண்ணீர் கையை எடுப்பதற்குள் கீழே சொட்டத் தொடங்கிவிடும். கரிசலில் அது மேலேயே நின்றுகொண்டு, ஓரமாக மண் மெல்ல ஊதுவது தெரியும். அரை மணி நேரம் கழித்து வந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த மண்ணில் எந்தப் பயிர், ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேசலாமா என்று உங்களுக்குத் தயக்கம் வரலாம். பேச வேண்டும், ஆனால் மெதுவாக. வீட்டை, ஆடு மாடுகளை இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம். அந்த டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது சுமார் 95 சென்டிமீட்டர் மழை. வகுப்புச் சுவரில் தரையிலிருந்து 95 செ.மீ. அளந்து ஒரு கோடு போடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சு உயரம் வரும். அந்தப் பகுதியில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம், ஒரே நாளில். மேட்டில் பெய்ததும் கீழே வந்தது, கீழே பெய்ததும் கடலுக்குப் போக முடியாமல் தேங்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு நின்றுபோனது. இதுவரை படித்த சரிவு, குளத்தொடர், மறுகால், கால்வாய் எல்லாம் அன்றைக்கு ஒன்றாக வேலை செய்தன. உடைந்த குளங்கள் எவை, தண்ணீர் எந்த வழியாக ஊருக்குள் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு, தாங்கள் வரைந்த படத்திலேயே நீலத்தில் குறிக்கட்டும். அடுத்த தடவை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதும் அந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாகப் பணம். வருடத்தில் ஒரே ஒரு வெளிப்பயணத்துக்குத்தான் வழி இருக்கிறது என்றால் பாபநாசத்துக்குப் போகாதீர்கள். அங்கே வீட்டோடு எப்படியும் போய்விடுவார்கள். ஆற்றின் கடைசிப் பகுதிக்குப் போங்கள், அங்கே பிள்ளைகளை யாரும் கூட்டிப்போவதில்லை. தைப் பொங்கல் முடிந்த பிறகு வெயில் ஏறுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை. முதலில் ஆதிச்சநல்லூர், அகழாய்வுக் குழியை மேலிருந்தே பார்க்கலாம். அடுத்தது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அங்கேயிருந்து கொற்கை.

கொற்கையில் கொஞ்ச நேரம் இருங்கள். சங்கப் பாடல்களில் முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் இது. இன்றைக்கு அங்கே வாழையும் நெல்லும்தான். கடல் சில கிலோமீட்டர் தள்ளிக் கிழக்கே இருக்கிறது. “கப்பல் எப்படி இங்க வந்துச்சு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஆறு வருடா வருடம் கொண்டுவந்து போட்ட வண்டல் கரையைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. துறைமுகம் அதன் பின்னாலேயே கிழக்கே நகர்ந்து பழையகாயலுக்குப் போனது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த காயல் அதுதான். பிறகு புன்னைக்காயல். குளத்தோரம் பழைய வன்னி மரம் ஒன்று இருக்கிறது, அதன் நிழலில் சாப்பாட்டைப் பிரிக்கலாம். சாப்பிட்டு முடித்ததும் பழையகாயல் வழியாகப் புன்னைக்காயலுக்கு விடுங்கள். தூரம் அதிகமில்லை, ஆனால் வழியெல்லாம் ஒரு காலத்தில் தண்ணீராக இருந்த இடம் என்று பிள்ளைகளுக்கு வண்டி ஓட ஓடச் சொல்லிக்கொண்டு போகலாம்.

முகத்துவாரத்தில் யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், மேலே ஆற்றிலும் அப்படித்தான். மணல் அள்ளிய குழிகள் வெளியே தெரியாது. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கணக்கில் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் பாதிப் பேர் கொற்கையைப் பார்த்திருக்க மாட்டார்கள், கூப்பிட்டால் வந்துவிடுவார்கள். வேன் வாடகையையும் பகிர்ந்துகொள்ளலாம்.